கொடுக்கல் வாங்கல்

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு குடும்பங்கள் எப்படிப் பழகுகின்றன என்று விசாரிக்க வேண்டுமானால், "அவுகளுக்குள்ள கொடுக்கல் வாங்கல் உண்டா?" என்று கேட்பார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் அதில் சேர்ந்தது. திடீரென்று விருந்தாளி வந்த அவசரத்தில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி, மறுநாள் திருப்பிக் கொடுப்பதும் அதில் சேர்ந்ததுதான். ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் வாங்கிக்கொண்டே இருந்தால் அதை யாரும் கொடுக்கல் வாங்கல் என்று சொல்வதில்லை. அது கடை வியாபாரம்.

மின்சார வாரியத்துக்கும் நமக்கும் இருந்த சம்பந்தம் வெகு காலமாக இந்தக் கடை வியாபாரமாகவே இருந்தது. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரிலிருந்து நம் வீட்டுச் சுவர்வரைக்கும் ஒரு கம்பி வந்தது. அதில் கரண்டு வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் நாம் பணம் கட்டினோம். ஒற்றையடிப் பாதையில்கூடப் போன மனுஷன் திரும்பி வரலாம். அந்தக் கம்பியில் அதுவும் கிடையாது.

வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்து, அவற்றை வாரியத்தின் கம்பியோடு இணைத்துவிட்டால் அந்தப் பாதையில் திரும்பி நடக்க முடிகிறது. தகடு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது தகட்டைப் பற்றி அல்ல, இணைப்பதைப் பற்றி. தகட்டின் பெருமையை அதை விற்கிறவர்கள் தேவைக்கு மேலேயே பேசிவிடுகிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்குக்குக் கரண்டு கொடுத்துப் பழக்கம் உண்டு. கூடலூரைத் தாண்டி, லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறியவர்கள், மலைச்சரிவில் இறங்கி வரும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி நம் பக்கம் விழுகிறது. அறுபது வருஷத்துக்கு மேல் அது வெறுமனே விழுந்துகொண்டிருந்தது. 1958-ல் அந்த வீழ்ச்சியின் அடியில் பெரியாறு மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1965-க்குள் ஒவ்வொன்றும் 35 மெகாவாட்டாக நான்கு யந்திரங்கள் வந்து சேர்ந்தன. யந்திரத்தைச் சுற்றிவிட்டதால் தண்ணீருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. முன்போலவே வயலுக்குப் போயிற்று. கிணற்றடியில் கமலை இழுத்த மாடுகளுக்கு மட்டும் வேலை போயிற்று. பிற்பாடு மலை இடைவெளியில் வீசும் காற்றைப் பிடிக்கத் தேனிப் பக்கத்தில் காற்றாலைகளும் முளைத்தன.

தண்ணீர் கொடுத்தது, காற்றும் கொடுத்தது. ஆனால் கொடுத்தவர்களின் பட்டியலில் இருந்தது அரசாங்கத்தின் அணையும் கம்பெனிகளின் காற்றாலையும்தான். குடித்தனக்காரன் பெயர் அதில் இல்லை. அவன் பெயர் ஏறுவதற்குச் சூரியன் வரவேண்டியிருந்தது.

சூரியன் எப்போதும் இருந்ததுதான். வெளிச்சம் பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கிறது என்று பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் 1839-லேயே கண்டு சொல்லிவிட்டார். 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் சிலிக்கனால் ஒரு வில்லை செய்து காட்டினார்கள். விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரமாயிற்று. இன்றைய தகடுகளில் இருபது பங்குக்கு வந்திருக்கிறது. விலைதான் நம்ப முடியாதபடி இறங்கிவிட்டது. 1970-களில் ஒரு வாட்டுக்கு எழுபது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய சரக்கு இன்று அரை டாலருக்குக் கீழே கிடைக்கிறது. ஆனாலும் விலை இறங்கினால் மட்டும் போதாது. கூரையில் விளைந்ததை ஊர்க் கம்பியில் விட்டால் அதைக் கணக்கில் எழுதிக்கொள்ள ஒரு சட்டமும் வேண்டும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1983-ல் அப்படி ஒரு சட்டம் செய்தது. 2000-ல் ஜெர்மனி, கூரைக்காரன் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிச்சய விலை என்று சட்டம் போட்டது. வெயிலுக்கு ஏங்கும் தேசத்தார் அதற்கு முந்திக்கொண்டார்கள். வெயிலில் வேகும் நாம் அப்புறம்தான் விழித்துக்கொண்டோம். தமிழ்நாட்டின் சூரிய சக்திக் கொள்கை 2012-ல் வந்தது. ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு 2013-ல் வந்தது. நடுவில் 2019-ல் வேறொரு கணக்கு முறைக்குப் போய்விட்டு, 2021-ல் வீடுகளுக்கு மறுபடியும் பழைய முறைக்கே திரும்பினார்கள். அந்தப் பழைய முறை இதுதான்: வாங்கிய யூனிட்டில் கொடுத்த யூனிட்டைக் கழித்துக்கொண்டு, மிச்சத்துக்குப் பணம் கட்டினால் போதும்.

இதையெல்லாம் நான் படித்துவைத்துக்கொண்டது பொழுதுபோகாமல் அல்ல. ராயப்பன்பட்டியில் இருக்கும் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கூரையில் சூரியத் தகடு போடுவது என்று தீர்மானித்துவிட்டு என்னை யோசனை கேட்டார். யோசனை கேட்டார் என்பதைவிட, தமது தீர்மானத்துக்கு என்னைச் சாட்சி வைக்கப் பார்த்தார் என்பதுதான் பொருத்தம்.

ராயப்பன்பட்டி உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது. சண்முகாநதி நீர்த்தேக்கம் அதற்குக் கூப்பிடு தூரம். ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தத் திராட்சை விளைகிற பூமி. அண்ணனுக்கும் ஒரு பந்தல் தோட்டம் உண்டு. தோட்டத்து மோட்டாருக்கு விவசாயக் கணக்கில் கரண்டு இலவசம். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் வீட்டு மீட்டரைப் பற்றி. மருமகள் வந்த பிறகு ஒரு ஏ.சி. வந்தது, பேரன் வந்த பிறகு அது இரவு முழுக்க ஓட ஆரம்பித்தது. இரண்டு மாத ரீடிங் ஐந்நூறைத் தாண்டி நின்றது.

"தம்பி, நான் பாட்டரி வச்சுப் போடப் போறேன். இ.பி. லைனோட நமக்கு ஒட்டும் வேணாம், உறவும் வேணாம். என் கூரை, என் வெயிலு, என் கரண்டு" என்றார் அண்ணன்.

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. 2012-ம் வருஷத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையில் இரண்டு மணி நேரம் என்று கணக்குச் சொல்லி நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் என்று போயிற்று. மாவரைக்க நடுராத்திரியில் எழுந்த பெண்களும் அரிக்கேன் வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும் இன்றும் அந்த வருஷத்தை ஒரு பஞ்சத்தைப் போலத்தான் பேசுகிறார்கள். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் பாட்டரியும் புகுந்தது அப்போதுதான். பஞ்சம் பார்த்தவன் குதிர் நிறைய நெல் இருந்தால்தான் தூங்குவான். அண்ணனுக்குப் பாட்டரி என்பது குதிர்.

"குதிர் சரி அண்ணே, எவ்வளவு நெல் பிடிக்கும்னு பார்க்கணும்ல?" என்றேன்.

பாட்டரி விஷயத்தில் பெருக்கல் தெரிந்தால் போதும். வீட்டில் வைக்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் ஈயப் பாட்டரி முழுக்க நிறைந்திருந்தால் அதில் இருப்பது 1,800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். அதையும் அடிவரைக்கும் வடித்துவிடக் கூடாது. பாதிக்கு மேல் வடிக்க வடிக்க அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் உருப்படியாகக் கிடைப்பது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கூரையில் ஒரு கிலோவாட் தகடு போட்டால் நாள் ஒன்றுக்குச் சராசரி நாலு யூனிட் விளையும். அண்ணன் போட நினைத்தது இரண்டு கிலோவாட், எட்டு யூனிட். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அண்ணனும் மதினியும் ஒரு மின்விசிறியும்தான். விளைச்சலில் பெரும்பங்கை ராத்திரி ஏ.சி.க்காகச் சேமிக்க வேண்டுமானால் ஏழெட்டுப் பாட்டரியை வரிசையாக நிறுத்த வேண்டும். நாலைந்து வருஷம் போனால் அத்தனையையும் மாற்ற வேண்டும். தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கிற சாமான். அதற்குள் பாட்டரி வகையறாவுக்கு எத்தனை தரம் பிரேத சம்ஸ்காரம் செய்வது? லித்தியம் பாட்டரி இன்னும் அதிக வருஷம் உழைக்கும். விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். அவர் சம்சாரி; விளைச்சலும் தெரியும், சேமிப்பில் ஆகும் சேதமும் தெரியும்.

சேதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சித்திரை மாதம் அண்ணனும் மதினியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போய்விடுவார்கள். வருஷத்திலேயே வெயில் நன்றாக அடிக்கிற காலம் அது. பாட்டரி மட்டும் இருக்கிற வீட்டில் என்ன ஆகும்? இரண்டாம் நாள் நடுப்பகலில் பாட்டரி நிறைந்துவிடும். அப்புறம் ஒரு மாதம் தகடு வெயிலில் காய்ந்துகொண்டு சும்மா கிடக்கும். கம்பியோடு சேர்ந்த வீட்டிலோ, பூட்டிய வீட்டின் கூரை பாட்டுக்குச் சம்பாதித்துக்கொண்டிருக்கும். தினமும் எட்டு யூனிட் தெருக் கம்பியில் போய்ச் சேரும். மீட்டர் அதை எழுதிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் பத்து நாள் சூரியன் முகம் காட்டாமல் போனால், சித்திரையில் எழுதி வைத்ததிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வருஷக் கணக்கு முடிகிறவரையில் அந்த வரவு செல்லும். சித்திரை வெயிலை ஐப்பசிக்கு எடுத்து வைக்கக்கூடிய பாட்டரியை அண்ணன் வீட்டு மாடியில் வைக்க இடம் போதாது. வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் அதற்கு அரை வரி போதும்.

"எழுதி வச்சதை நாளைக்கு இல்லேன்னுட்டா?" என்றார் அண்ணன்.

"மீட்டர் உங்க வீட்டுச் சுவத்துலதானே அண்ணே இருக்கும்? போனது தனி, வந்தது தனி, ரெண்டையும் காட்டும். பால் சொசைட்டியில ஊத்தினதுக்கு நோட்டுல எழுதிட்டு வர்றீங்கல்ல?"

பால் சொசைட்டி உதாரணம் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு வீட்டுப் பால் இன்னொரு வீட்டுப் பாலோடு கலந்துவிடுகிறது. ஊற்றிய அளவு மட்டும் நம் பெயரில் நிற்கிறது. கரண்டும் அப்படித்தான். கூரையிலிருந்து போகிற கரண்டு லோயர் கேம்ப்புக்குப் போய்த் திரும்பி வருவதில்லை. எங்கே தேவையோ, அதில் கிட்ட இருக்கிற இடத்துக்குப் போகும். அண்ணன் வீட்டு நடுப்பகல் வெயில் பக்கத்து வீட்டு மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும். 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தார்கள். மெச்ச வேண்டிய காரியம்தான். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வேண்டியிருந்தது. அங்கே விளைந்ததை ஊர் ஊராகக் கொண்டுபோகக் கோபுரங்களும் கம்பிகளும் வேண்டியிருந்தன. நெடுந்தூரக் கம்பியில் வழியெல்லாம் கொஞ்சம் சூடாகிப் போகத்தான் செய்யும். கூரைக்கு ஒரு சென்ட் நிலமும் கேட்க வேண்டியதில்லை. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி மாடி இருந்தால் போதும்.

மாடி என்றதும் மதினி வந்துவிட்டார்.

"எல்லாம் சரி தம்பி, வத்தலை நான் எங்க காயப் போடுறது? துணியை எங்க காயப் போடுறது?" என்றார்.

சூரிய சக்தியைப் பற்றிப் பெரிய பெரிய அறிக்கைகள் எழுதுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதில்லை. நம் வீடுகளில் மாடி வெயில் ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது. மிளகாய் காய்கிறது, வடகம் காய்கிறது, தலையணை காய்கிறது. எட்டடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் நிறுத்தி, திராட்சைப் பந்தலைப் போல மேலே தகட்டைப் படரவிட்டால் கீழே நடமாடலாம். செலவு கூடும், பந்தலுக்குக் கீழே வற்றல் காயாது, துணி காயும். வற்றலுக்கு மாடியில் ஒரு மூலையை விட்டுவைப்பது என்று சமரசம் ஆயிற்று. மலையடிவார ஊர் ஆகையால் குரங்குத் தொல்லை உண்டு என்பதையும், தூசியைக் கழுவிவிட வாரம் ஒரு தரம் யாராவது மேலே ஏற வேண்டும் என்பதையும் மதினி அண்ணனின் பொறுப்பில் எழுதிவிட்டார்.

அப்புறம்தான் அண்ணன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "கரண்டு போச்சுன்னா? நட்டநடு வெயில் அடிக்குது, என் கூரையில தகடு இருக்கு. அப்ப எனக்கு எரியும்ல?"

"எரியாது, அண்ணே."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். தகட்டை விற்க வந்தவர் இதைச் சொல்லவில்லையாம். விற்கிறவர்கள் பலபேர் இதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். வாங்குகிறவர்கள் முதல் மின்வெட்டன்று தெரிந்துகொண்டு, ஏமாந்துவிட்டதாகப் பொருமுகிறார்கள். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிவிடுகிறேன்.

தகட்டில் பிறப்பது பாட்டரியில் இருப்பதைப் போன்ற நேர் மின்சாரம். தெருக் கம்பியில் ஓடுவது வினாடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் அலைகிற மின்சாரம். நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர் முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிறது. தன்னிஷ்டத்துக்கு மாற்றினால் ஆகாது. நாகஸ்வரக்காரர் ஒத்துக்காரரின் சுருதியோடு சேர்ந்து வாசிப்பதைப் போல, கம்பியில் வருகிற அலையைக் கேட்டு, அதே கதியில், அதே கட்டத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். கம்பியில் ஒத்து நின்றுவிட்டால் இன்வெர்ட்டரும் வாசிப்பை நிறுத்திவிடும். நிறுத்தியே ஆக வேண்டும் என்பது விதி.

ஏன் என்றால், கரண்டு போனதும் யாரோ ஒரு லைன்மேன் மின்கம்பத்தில் ஏறுகிறார். டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கிவிட்டோம், கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கையை வைக்கிறார். அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டுக் கூரை பின்பக்கமாகக் கரண்டு அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் இறங்கி வரமாட்டார். இறக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வீட்டு ஜெனரேட்டரைச் சரியாகப் பிரிக்காமல் ஓட்டி, பின்னோட்டத்தில் லைன்மேன் உயிர் போன செய்திகள் பத்திரிகைகளில் வராமல் இல்லை. ஊர்க் கம்பியோடு உறவு வைத்துக்கொள்கிறவனுக்கு இந்த ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர் இருட்டானால் தானும் கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப அந்தக் குதிர்?" என்றார் அண்ணன், சற்று நேரம் கழித்து.

குதிரை முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. கம்பியோடும் சேர்ந்து, ஒரு பாட்டரியையும் வைத்துக்கொள்கிற இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. கரண்டு போனால் அது தெருக் கம்பியை அறவே துண்டித்துவிட்டு, வீட்டுக்குள் நாலு விளக்கையும் இரண்டு விசிறியையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். விலை கொஞ்சம் கூடுதல். வீட்டில் ஏற்கெனவே 2012-ன் வாரிசாக ஒரு பாட்டரி இன்வெர்ட்டர் மூலையில் இருக்குமானால் அதையே தனியாக வைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை. மின்வெட்டுக்கு ஒரு பாட்டரி போதும். ஏழெட்டு என்பது வாரியத்தோடு ரோஷத்துக்காக வைப்பது.

இனிப் பணக் கணக்கு. 2024 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி பார்க்கிறேன். நம் மாநிலத்துக் கட்டணத்தில் ஒரு வினோதம் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்தால் ரூ. 1,805. இன்னும் இருபது யூனிட் சேர்த்து 520 எரித்தால் ரூ. 2,208. இருபது யூனிட்டுக்கு நானூறு ரூபாயா என்று கேட்கக் கூடாது. ஐந்நூறைத் தாண்டியவுடன் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையையும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறார்கள். இரண்டு கிலோவாட் கூரை இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட் கொடுக்கும். 520-ல் 480 போனால் மிச்சம் 40. எல்லா வீட்டுக்கும் 2016 முதல் முதல் நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. நாற்பது அதற்குள் அடங்கிவிடும். கம்பியை உபயோகிப்பதற்கென்று வாரியம் ஏதாவது கேட்டால் அது தனி. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஆரம்பித்த சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், மொத்தத்தில் 78,000-க்கு மேல் இல்லை என்று மானியம் வைத்தார்கள். அந்த மானியம் கம்பியோடு சேர்கிறவர்களுக்குத்தான். தனிக்குடித்தனம் போகிற பாட்டரிக்காரர்களுக்கு இல்லை. அண்ணனுக்கு 60,000 ரூபாய் என்பது பால் சொசைட்டி உதாரணத்தைவிட நன்றாகப் புரிந்தது.

இந்த இடத்தில் வாரியத்தின் பக்கத்து வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். அவர்கள் சொல்வது: நடுப்பகலில், எங்களுக்கே கரண்டு மிஞ்சுகிற நேரத்தில், நீங்கள் எல்லோரும் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள். சாயங்காலம் ஆறரை மணிக்குச் சூரியன் போனதும் எல்லோரும் சேர்ந்து கேட்கிறீர்கள். மலிவான நேரத்துச் சரக்கைக் கொடுத்துவிட்டுக் கிராக்கி நேரத்துச் சரக்கை அதே அளவுக்குத் திருப்பிக் கேட்பது என்ன நியாயம்? கம்பத்தையும் கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் யார் காசில் பராமரிப்பது?

நியாயமான கேள்விகள்தான். கூரைக்காரர்களின் எண்ணிக்கை கையளவாக இருக்கிறவரையில் இது பெரிய பாரமில்லை, பெருகினால் பாரம்தான். அதற்கு வழியும் உண்டு. கோயமுத்தூர் ஜில்லாவில் கடம்பாறை என்ற இடத்தில் 1980-களின் கடைசியில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டினார்கள். கரண்டு மிஞ்சுகிற நேரத்தில் கீழே இருக்கிற தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவது, தட்டுப்பாடான நேரத்தில் அதே தண்ணீரை இறக்கி யந்திரத்தைச் சுற்றுவது. சூரியத் தகடுகளை யாரும் கனவு காணாத காலத்தில், ராத்திரி மிச்சத்தை எண்ணிக் கட்டியது. இப்போது பகல் மிச்சத்துக்கும் அதே வேலையைச் செய்யலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் குழாய் இறக்கத் தெரிந்தவர்களுக்கு ஏற்றவும் தெரியும். ஊர் மிச்சத்தைச் சேர்த்து வைப்பது ஊருக்கு மலிவு; வீட்டுக்கு வீடு பாட்டரி வாங்கிச் சேர்ப்பதுதான் அதிகச் செலவு. கம்பிச் செலவுக்கு ஒரு நியாயமான தொகை கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். பால் சொசைட்டிக்காரன்கூடக் கேன் கழுவுகிற கூலி பிடித்துக்கொள்கிறான்.

என்னை உறுத்துகிற விஷயம் வேறு. அண்ணன் தோட்டத்தில் கொத்து வெட்ட வருகிற ஒரு அம்மாள் ராயப்பன்பட்டியிலேயே குடியிருக்கிறாள். வாடகை வீடு, தகரக் கூரை. இரண்டு விளக்கு, ஒரு விசிறி, அரசாங்கம் கொடுத்த மிக்ஸி. நூறு யூனிட் இலவசத்துக்குள் அவள் காலம் ஓடுகிறது. தப்பித்தவறி 150 யூனிட் எரித்தாலும் ரூ. 117.50-தான் பில். அவளிடம் போய்ச் சூரியத் தகட்டின் லாபத்தைப் பேசினால் அவள் சிரிப்பாள், சிரிக்க வேண்டியதுதான். இந்தத் திட்டத்தில் லாபம் என்பது உச்சிப் படியில் எரிக்கிறவனுக்கு. எவன் அதிகம் எரிக்கிறானோ, எவனுக்குச் சொந்த மாடி இருக்கிறதோ, எவனிடம் முதலில் போடப் பணம் இருக்கிறதோ, அவன்தான் வாரியத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள முடிகிறது. நடுப்பகலில் அண்ணன் கூரையின் வெயில் அந்த அம்மாள் வீட்டு விசிறியையும் சுற்றத்தான் செய்யும். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். அது உண்மை. ஆனால் மீட்டரில் அவள் பெயருக்கு நேரே ஏற்றுமதி என்று ஒன்றும் விழாது.

விழ வைக்க முடியாதா என்றால், முடியும். டில்லியில் 2019-ல் ஒரு விதி செய்தார்கள். ஓரிடத்தில் பொதுவாகத் தகடு போட்டு, அதில் விளைகிற யூனிட்டைப் பங்கு வைத்து, வேறு வேறு வீட்டு மீட்டர்களின் கணக்கில் சேர்த்துவிடலாம். தகடு இருக்கிற கட்டடம் ஒன்று, பலன் எழுதப்படுகிற வீடுகள் பல. வாடகைக்குக் குடியிருக்கிறவர்களும் பங்கு எடுக்கலாம்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் அதற்குள் மாடிக்கு ஏறி, தெற்கே பார்த்து எத்தனை அடி கிடைக்கும் என்று கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தார். அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரிகிறது. திராட்சைப் பந்தல்கள், அவற்றுக்கு அப்பால் மலை. ஊருக்குள்ளே பள்ளிக்கூடக் கட்டடங்கள், சமுதாயக் கூடம், பஞ்சாயத்து ஆபீஸ்.

"பள்ளிக்கூடத்து மாடி எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டார்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மூவாயிரம் சதுர அடிக்குக் குறையாது. நூறு அடிக்கு ஒரு கிலோவாட் என்றால் முப்பது கிலோவாட். நாள் ஒன்றுக்கு நூற்றிருபது யூனிட். ஞாயிற்றுக்கிழமையும் முழுப் பரீட்சை விடுமுறையும் போக மீதி நாளிலும் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. மாடியின் ஒரு ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கால் உடைந்த பெஞ்சுகள் நாலைந்தும் இருந்தன. மற்ற இடமெல்லாம் வெயில்.